முழங்காலுக்கு மேற்பட்ட உயிர்

வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பாளர் நலச் சங்கத்தின் அவசரக் கூட்டத்திற்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தவர்கள் பின்வருமாறு: ஒன்பதாவது ஆண்டாகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஆண்டியப்பன், உதவித் தலைவர் விஜயன், செயலாளர் மகேன், திருமணத் தகவல் பிரிவின் பொறுப்பாளர் நீலாவதி, சுவரில் மாலையோடு மூன்று முன்னாள் தலைவர்கள், மனுதாரர் செல்லையா. வராதவர்கள்: தோட்டத்தில் மீதமுள்ள எல்லோரும். வராததற்கு அவர்கள் காரணம் தெரிவிக்கவில்லை என்று மகேன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அவசரம் என்னவென்றால், செல்லையா ஒரு நாய் வளர்க்க விரும்பினார். மனுக் கொடுத்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

செல்லையாவுக்கு அறுபத்தொன்பது வயது. தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டும் மாடியில் நாற்பத்தோரு வருடம் வேலை பார்த்து, அதன் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். தாத்தா கங்காணி. அந்தக் குடும்பத்தில் யாரும் யார் முன்னாலும் கைகட்டி நின்று எதையும் கேட்டதில்லை. ஒரு முறை சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்த முன்வந்தது. அழைப்பிதழில் தன் பெயர் ஒலிபெருக்கிக்காரரின் பெயருக்குக் கீழே அச்சாகியிருந்ததைக் கண்ட செல்லையா, பொன்னாடை போர்த்தினால் தமக்கு வேர்க்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மலேசியாவின் குளிர்ந்த கேமரன் மலையில் யாருக்கும் வேர்ப்பதில்லை. சங்கத்துக்கு அது புரிந்தது.

அப்படிப்பட்டவர் இன்று மனுதாரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்றால் அதற்குக் காரணம் ஒரு விதி. முன்னொரு காலத்தில் யாரோ ஒருவரின் பசு மாடு ஆலைக்குள் நுழைந்து ஒரு மூட்டைத் தேயிலையை முகர்ந்து பார்த்து, வேண்டாம் என்று திரும்பிப் போயிற்று. தரத்தைப் பற்றி வந்த அந்த விமரிசனத்தைத் தாங்காத அன்றைய தோட்ட மேலாளரான துரை, லயம் என்னும் வரிசை வீடுகளில் முழங்காலுக்கு மேற்பட்ட உயரமுள்ள எந்த உயிரையும் வளர்ப்பதற்குச் சங்கத்தின் ஒப்புதல் கடிதம் வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். மாடுகள் போய்விட்டன. அந்தத் துரையும் போய்விட்டார். விதி இருந்தது. இப்போதைய துரை நல்ல மனிதர், வயதில் சிறியவர். "நாய்தானே அங்கிள், எனக்கு ஓகேலா. அசோசியேஷன் லெட்டர் மட்டும் கொண்டாந்து குடுங்க" என்று சொல்லிவிட்டார். அந்த 'மட்டும்' எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது.

நாய் எதற்கு என்பதைச் செல்லையா மனுவில் ஒரே சொல்லில் எழுதியிருந்தார்: காவல். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

ஜனவரியில் ஒரு காலை அவர் மனைவி சாரதா வீட்டுக்குப் பின்னால் கீரை பறிக்கப் போனாள். தேயிலை வரிசைக்குள்ளிருந்து எண்ணெய்ப் பீப்பாய் அளவுக்கு ஒரு காட்டுப்பன்றி வெளியே வந்தது. அவளை ஒரு பார்வை பார்த்தது. பாத்தியை உழுது போட்டுவிட்டுப் போயிற்று. அவள்மேல் படக்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து சாரதா பின்வாசல் படியைத் தாண்டுவதில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரை உள்ளே நின்றபடியே வீசினாள். நாளாக ஆக முன்வாசலும் அப்படியே ஆயிற்று. கோயிலுக்குக் கூப்பிட்டால் முட்டிவலி என்றாள். முப்பது வருடம் செங்குத்துச் சரிவில் கூடை சுமந்து கொழுந்து பறித்த முட்டி அது. வலிக்கிற முட்டியா வலிக்காத முட்டியா என்று செல்லையாவுக்குத் தெரியாதா?

அவளுக்குப் பயம் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. செல்லையா வீட்டுப் பெண் பன்றிக்குப் பயந்து அடுப்படியில் முடங்கிக் கிடக்கிறாள் என்று லயத்தில் ஒரு வாயில் விழுந்துவிட்டால், அப்புறம் அவர் முதுகை நிமிர்த்தி நடந்து என்ன பயன்?

ஈப்போவில் லாரி ஓட்டும் மகன் குகனேஸ்வரன்தான் போனில் வழி சொன்னான். "சின்ன நாயி வேலைக்கு ஆவாதுப்பா. பன்னி அதப் பார்த்துச் சிரிக்கும். நல்ல பெரிய ஜாதியா பாருங்க." ஐந்து படங்களும் அனுப்பினான். செல்லையா அவற்றை மூன்று நாள் படித்தார். எது எவ்வளவு தின்னும், எதற்கு முடி கொட்டும், எது குழந்தைகளோடு பழகும் என்று குறிப்பெடுத்தார். பிறகு போனைக் கொண்டுபோய்ச் சாரதாவிடம் காட்டினார். அவள் ஐந்தையும் தள்ளிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல கூப்பிட்டா வர்றது எது?"

அதற்குப் பின் நான்கு மாதம் நடந்த விசாரணையில், அந்தக் கேள்வியைச் சங்கத்தில் யாரும் கேட்கவில்லை.

ஆண்டியப்பன் எழுந்து ஒலிபெருக்கியைத் தட்டினார். நான்கு பேருக்கு எதிரே ஒலிபெருக்கி எதற்கு என்று செல்லையாவுக்கு விளங்கவில்லை.

"பெருமதிப்பிற்குரிய உதவித் தலைவர் அவர்களே, சுவரிலிருந்து நம்மை வழிநடத்தும் முன்னோர்களே, மகளிர் குலத் திலகம் நீலாவதி அவர்களே! நாய் என்பது வெறும் நாய் அல்ல. அது ஒரு சமுதாயத்தின் முகம். நாளைக்கு அடுத்த தோட்டத்துக்காரன் வந்து, உங்க தோட்டத்துல என்ன நாய்ன்னு கேட்டா, நாம தலை குனியக் கூடாது. நம்ம சங்கத்துல ஜாதி பார்க்கிறதே இல்ல. அது சட்டத்துலயே இருக்கு, மூணாவது பக்கம். ஆனா நல்ல ஜாதியா இருக்கணும்."

"வழிமொழிகிறேன்" என்றார் விஜயன், கண்ணைத் திறக்காமல்.

விஜயன் இருபத்திரண்டு வருடமாக உதவித் தலைவர். கூட்டம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். பேசுகிறவர் நிறுத்தினால் அந்த அமைதி அவரை உலுக்கும். ஒரு சொல் சொல்லிவிட்டு மறுபடி தூங்குவார். சங்கத்தில் இதுவரை எந்தத் தீர்மானமும் வழிமொழிய ஆளில்லாமல் விழுந்ததில்லை.

அடுத்து, படிவம். சங்கத்தில் இரண்டே வகைப் படிவங்கள் இருந்தன. ஒன்று மரண உதவிக்கு, மற்றொன்று வரன் பார்ப்பதற்கு. மகேன் விதிமுறை பிசகாத மனிதர். இரண்டையும் மேசையில் வைத்து வெகுநேரம் யோசித்தார். நாய் உயிரோடு இருப்பதால் மரணப் படிவம் பொருந்தாது என்று முடிவாயிற்று. வீட்டுக்குப் புதிதாக ஓர் உயிர் வருகிறது, காலத்துக்கும் இருக்கப் போகிறது, ஆகவே இது திருமணப் பிரிவின் கீழ் வரும் என்று நீலாவதி சொன்னாள். அவளுக்கு இதில் அனுபவம் உண்டு. பதினோரு கல்யாணம் முடித்து வைத்தவள். அவற்றில் நான்கு இன்னும் நடக்கின்றன.

செல்லையா குகன் அனுப்பிய படங்களை நீட்டினார். நீலாவதி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"இது?"

"ராட்வைலர்."

"நெறம் கம்மியா இருக்கே அண்ணே. பாக்கிறவங்க ஒரு மாதிரி பேசுவாங்க." அவளே நல்ல கறுப்பு. அதைச் சொல்லும் அளவுக்குச் செல்லையா மரியாதை இல்லாதவர் அல்ல. "இது நல்லா இருக்கே, பொன் மாதிரி."

"கோல்டன் ரெட்ரீவர். முடி ஜாஸ்தி. நம்ம மழைக்குக் காயாது."

"தலைமுடி நீளமா இருந்தா நல்லதுதானே? எழுதிக்குங்க மகேன்."

லாப்ரடார் எல்லோரிடமும் வாலாட்டும் என்று செல்லையா சொன்னதும், தலைவர் முகம் சுளித்தார். பார்த்தவர்களிடமெல்லாம் வாலாட்டிப் பிழைப்பது தன்மானமுள்ள சமுதாயத்துக்கு அழகல்ல என்றார். சென்ற மாதம் தானா ராத்தாவுக்கு வந்த துணையமைச்சருக்குக் காலை ஏழு மணியிலிருந்து மழையில் குடை பிடித்து நின்றவர் அவர்.

ஜெர்மன் ஷெப்பர்ட் படத்தைக் கண்டதும் ஆண்டியப்பன் உட்கார்ந்துவிட்டார்.

"இது போலீஸ் நாயில்ல?"

"மோப்பம் நல்லா பிடிக்கும். சொன்ன பேச்சுக் கேக்கும்" என்றார் செல்லையா.

"மோப்பம் எதுக்குங்க நமக்கு? மோப்பம் பிடிக்க என்ன இருக்கு இந்தத் தோட்டத்துல? தீபாவளிக்கு ஏழைங்களுக்குன்னு வந்த அரிசி மூட்டைங்க என் வீட்டு ஸ்டோர்லதான் பத்திரமா இருக்கு. யாராச்சும் கேட்டாங்களா? ஒருத்தரும் கேக்கல. அப்புறம் மோப்பம் எதுக்கு?"

உண்மையில் யாரும் கேட்கவில்லை. அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"வழிமொழிகிறேன்" என்றார் விஜயன்.

மிஞ்சியது ஐந்தாவது படம், கிரேட் டேன். செல்லையா முதலிலேயே மனதில் வைத்திருந்தது அதைத்தான். மற்றவை படங்கள், இது கம்போங் ராஜாவில் உயிரோடு இருந்தது. தக்காளி பயிரிடும் ஆ ஹோய் என்ற சீனர், தோட்டத்தை விட்டுவிட்டு ஈப்போவில் மகளின் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார். இரண்டரை வயதுப் பெட்டை நாய், மஞ்சா என்று பெயர்; மலாயில் செல்லம் என்று அர்த்தம். இடுப்பு உயரம். இறங்கிப் போகும் நாளுக்குள் நல்ல வீடு கிடைக்காவிட்டால், பட்டறைக்காரன் ஒருவன் வாசலில் சங்கிலி போட்டுக் கட்டிவைக்கக் கேட்டிருக்கிறான், அவனுக்குக் கொடுக்க வேண்டியதுதான் என்று ஆ ஹோய் வருத்தத்தோடு சொல்லியிருந்தார். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப கடிதம் குடுத்துருங்க. நாளைக்கே போய்க் கூட்டியாறேன்" என்றார் செல்லையா.

அறையில் ஓர் அதிர்ச்சி பரவியது.

"பார்க்காமயா?" என்றாள் நீலாவதி.

பார்க்கப் போகும் நாள் குறிக்க மூன்று வாரம் ஆயிற்று. முதல் வாரம் அஷ்டமி. இரண்டாவது வாரம் தலைவருக்குப் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஒரு கடைத் திறப்பு விழா. மூன்றாவது வாரம், ஒரு வேனில் ஐவரும் கம்போங் ராஜாவுக்குப் புறப்பட்டார்கள். வெறுங்கையோடு போவது முறையல்ல என்று நீலாவதி செல்லையா வீட்டுக்கு வந்து, சாரதாவின் பித்தளைத் தாம்பாளத்தை வாங்கிப்போய், அதில் வெற்றிலை பாக்கு, ஆரஞ்சு, ஒரு பொட்டலம் நாய் பிஸ்கட் எல்லாம் அடுக்கியிருந்தாள்.

"கூப்பிட்டா வருதான்னு மட்டும் பாருங்க" என்று சாரதா வாசலுக்கு உள்ளே நின்றபடி சொன்னாள். செல்லையா தலையசைத்தார். இந்த ஊர்வலத்தில் தன் இடம் என்ன என்று அவருக்கே நிச்சயமில்லை. மாப்பிள்ளையின் தகப்பனா, மாப்பிள்ளையா?

ஆ ஹோய் தாம்பாளத்தைப் பார்த்தார், வேட்டி கட்டியிருந்த தலைவரைப் பார்த்தார், பிறகு செல்லையாவைத் தனியே இழுத்து, "அங்கிள், மாவ் அஞ்சிங் கா, மாவ் காவின்?" என்றார். நாய் வேண்டுமா, கல்யாணம் வேண்டுமா என்பது அவருடைய நியாயமான கேள்வி. செல்லையா நாயைக் காட்டச் சொல்லிப் பசுமைக் கூடாரத்தின் பக்கம் கைகாட்டினார்.

மஞ்சா வெளியே வந்தது. சாம்பல் நிறம், கன்றுக்குட்டி உயரம், சோகமான கண்கள். ஐவரையும் வரிசையாகப் பார்த்தது. மகேனைத் தேர்ந்தெடுத்து, அருகில் போய், தன் முழுப் பாரத்தையும் அவர் தொடைமேல் சாய்த்தது. மகேன் குறிப்பேட்டோடு மெல்ல மெல்லச் சரிந்து வேலிக் கம்பத்தில் போய் நின்றார்.

"அது ஆளு மேல சாயும்லா. பிரியம்" என்றார் ஆ ஹோய். தக்காளிக் கூடாரத்தில் தமிழ் ஆட்களோடு இருபது வருடம் வேலை பார்த்த தமிழ். "சாஞ்சா, மூச்சு விட முடியாது. ஆனா பிரியம்."

கம்பத்தில் ஒட்டியிருந்த நிலையிலேயே மகேன் படிவத்தைப் படித்தார். "பூர்வீகம்?"

"கிரேட் டேன்னு பேரு, ஆனா உண்மையில ஜெர்மனின்னு மகன் சொன்னான்" என்றார் செல்லையா.

"ஜெர்மனி. மாவட்டம், தாலுகா?... தெரியவில்லை. குலதெய்வம்?"

ஆ ஹோய் யோசித்துவிட்டு, தோட்ட மூலையில் சிவப்புப் பெட்டிக்குள் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்த டத்தோ கோங் சாமியைக் காட்டினார். மகேன் அப்படியே எழுதிக்கொண்டார். ஆண்டியப்பன் மட்டும் அந்தச் சிறு பெட்டியை ஏக்கத்தோடு பார்த்தபடி நின்றார். அரசு வழங்கும் டத்தோ பட்டத்துக்கு அவர் ஆறு வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார்.

"வீட்டு வேலை தெரியுமா?"

"தூங்கும்லா. நல்லா தூங்கும்."

"ஏற்கெனவே திருமணம் ஆனவரா?"

"ஒரு தடவ" என்றார் ஆ ஹோய் யதார்த்தமாக. "ஆறு குட்டி."

நீலாவதியின் கை தாம்பாளத்தைப் பின்னுக்கு இழுத்தது. மறுமணத்துக்குத் தனிப் படிவம், தனித் தீர்மானம். சங்கத்தின் சரித்திரத்தில் அப்படி ஒரு தீர்மானம் இதுவரை வந்ததில்லை. விதவை மறுமணத்தை ஆதரித்துத் தலைவர் ஆண்டுக்கு இரண்டு முறை பேசுகிறாரே என்று செல்லையா கேட்டார். பேசுவது வேறு, படிவம் வேறு என்று தலைவர் பொறுமையாக விளக்கினார்.

பிறந்த தேதி ஆ ஹோய்க்கு நினைவில்லை. பெரிய மண்சரிவில் சாலை அடைபட்ட மறுநாள் விடியற்காலை என்றார். நீலாவதி போனைத் தட்டித் தட்டிக் கணக்குப் பார்த்தாள். முகம் இருண்டது.

"கேட்டை. மூத்தாருக்கு ஆகாதே! செல்லையா அண்ணே, உங்களுக்கு அண்ணன் இருக்காரா?"

"செத்து பதினெட்டு வருஷம் ஆச்சு."

"நல்லதாப் போச்சு. தோஷம் இல்ல."

பிறகு பத்துப் பொருத்தமும் பார்த்தாள், செல்லையாவின் நட்சத்திரத்துக்கும் நாயின் நட்சத்திரத்துக்கும். ஏழு பொருந்தியது. நாற்பத்தாறு வருடத்துக்கு முன்னால் சாரதாவோடு பார்த்தபோது ஆறுதான் பொருந்தியது. இந்தச் செய்தியைச் செல்லையா வீட்டில் சொல்லவில்லை.

"கூப்பிட்டா வருமா?" என்று அவர் கடைசியில் கேட்டார்.

"அது படிவத்துல இல்ல அண்ணே" என்றார் மகேன், கம்பத்திலிருந்து தம்மை விடுவித்துக்கொண்டு.

அதன் பிறகு எட்டு வாரம். மறுமணத் தீர்மானத்தின் வாசகத்தில் 'அவர்' என்பதா 'அது' என்பதா என்று இரண்டு கூட்டம். நாய்த் தேர்வுத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டு, அதற்கு யார் தலைவர் என்பதில் ஒரு கூட்டம். அதற்கும் ஆண்டியப்பனே போட்டியின்றித் தேர்வானார். ஆ ஹோய் மகளிடம் மன்றாடி இரண்டு தடவை பயணத்தைத் தள்ளிப்போட்டார். சாரதா அடுப்படி ஜன்னல் வழியாகப் புல் மண்டிப்போன கீரைப் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தையில் வாங்கிய கீரையை அவள் முகம் கொடுத்து நறுக்குவதில்லை. செல்லையா எல்லாக் கூட்டத்துக்கும் இஸ்திரி போட்ட சட்டையில் போனார், நேராக உட்கார்ந்தார், நேராகத் திரும்பி வந்தார்.

ஒருநாள் மகேன் வந்து, எல்லாம் முடிந்தது, ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கூடத்தில் அறிமுக விழா, ஆ ஹோய் நாயைக் கொண்டுவந்து விடுவார், கடிதம் மேடையிலேயே வழங்கப்படும் என்றார். "தாம்பாளம் இன்னும் எங்ககிட்டதான் இருக்கு. விழாவுக்கும் தேவைப்படுது" என்று சாரதாவிடம் சொல்லிப் போனார்.

கூடத்தின் வாசலில் ஒரு பதாகை. அதில் ஆண்டியப்பன் பனை உயரத்துக்குக் கும்பிட்டபடி நின்றார். மூலையில் தபால்தலை அளவுக்கு நாய். இந்த முறை தோட்டமே வந்திருந்தது, சாப்பாடு உண்டு என்று அறிவித்திருந்ததால். குத்துவிளக்கு ஏற்றினார்கள். மஞ்சாவுக்குச் செவ்வந்தி மாலை போட்டார்கள். அது மாலையை நிதானமாகத் தின்றுவிட்டு, மேடையில் தலைவரின் காலடியில் படுத்துத் தூங்கிவிட்டது. விஜயன் நாற்காலியில் தூங்கினார். இருவரின் குறட்டையும் ஒலிபெருக்கியில் கேட்டது.

வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று மணி இரண்டாயிற்று. இதில் தலைமையுரையும் சிறப்புரையும் ஆண்டியப்பனே.

"இந்த நாய்க்காக நான் பட்ட பாடு ஆண்டவனுக்குத்தான் தெரியும்! பத்தொம்பது கூட்டம்! எதுக்கு? எனக்காகவா? நான் கேட்டேனா? சிலர் கேக்கறாங்க, ஒரு நாய் வாங்கறதுக்கு எதுக்குலா இவ்வளவுன்னு. நான் சொல்றேன், சுலபமாக் குடுத்துட்டா அப்புறம் சங்கத்தை யாரு மதிப்பா?" கைதட்டலுக்காக நிறுத்தினார். "ஆகவே, இவ்வளவு சிரமப்பட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு உயர்ந்த ஜாதி நாய், ஒரு தனிப்பட்ட குடும்பத்துக்குள்ள முடங்கிடக் கூடாதுன்னு உங்கள் சங்கம் முடிவு எடுத்திருக்கு. மஞ்சா இன்றுமுதல் சங்கத்தின் அதிகாரபூர்வ நாய்! அது தலைவர் இல்லத்தில் தங்கும். உறுப்பினர் வீடுகளுக்குச் சுழல் முறையில் வரும். மனுதாரர் என்ற முறையில் அண்ணன் செல்லையாவுக்கு முன்னுரிமை. ஐந்தாவது செவ்வாய்க்கிழமை வர்ற மாதங்கள்ல, அரை நாள்."

செல்லையா எழுந்து நின்றார். அவரை அறியாமல் எழுந்துவிட்டார்.

"அண்ணே, கேள்வி எல்லாம் நன்றியுரைக்கு அப்புறம்" என்றார் மகேன்.

"கேள்வி இல்ல. எனக்கு அந்த நாயி வேணும். எங்க வீட்டுல..." கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. முன்னூறு கண்கள். எங்க வீட்டுல ஒருத்தி நாலு மாசமா வாசல் தாண்டல. அதுதான் சொல்ல வேண்டியது. ஏழே சொற்கள். சொல்லிவிட்டால் நாய் கிடைத்துவிடலாம். சொல்லிவிட்டால் நாளை காலை ஒவ்வொரு வரிசையிலும் கொழுந்தோடு அதையும் பறிப்பார்கள். கங்காணி பேரன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "எங்க வீட்டுல இடம் இருக்கு" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். தன்மேல் அவருக்கு வந்த வெறுப்பை முகத்தில் காட்டாமல் இருக்க முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

அப்போது கூடத்தின் பின்கதவு படாரென்று திறந்தது.

"மணி என்ன ஆச்சு தெரியுமா உங்களுக்கு? மாத்திரை போட வேணாமா?"

சாரதா. கையில் குடை. செல்லையா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். செருப்பில் செம்மண். சேலை ஓரத்தில் தேயிலைச் சருகு. தார்ச்சாலையில் வந்தால் செம்மண் ஒட்டாது. அவள் பின்வாசல் வழியாக இறங்கி, கீரைப் பாத்தியைத் தாண்டி, தேயிலை வரிசைகளுக்கு நடுவே குறுக்கு வழியில் தனியாக வந்திருக்கிறாள்.

"சோறு ஆறிப் பச்சத் தண்ணியாப் போச்சு. பத்து மணிக்குப் போன மனுசன்!"

"அக்கா, கொஞ்சம் பொறுங்க. தீர்மானம் ஓடிக்கிட்டு இருக்கு" என்றார் ஆண்டியப்பன் ஒலிபெருக்கியில்.

"ஓடட்டும். அது ஓடுற வேகத்துக்கு நான் நடந்தே வந்துட்டேன். நாலு மாசம் தம்பி! ஒரு நாய! எம் மவனுக்குப் பொண்ணு பார்த்துக் கல்யாணம் முடிச்சது மூணு மாசத்துல. எங்க என் தாம்பாளம்?"

நீலாவதி அவசரமாகத் தாம்பாளத்தில் இருந்த பூவைக் கொட்டிவிட்டு நீட்டினாள். சாரதா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடையைப் பார்த்தாள். மஞ்சா ஒரு கண்ணைத் திறந்திருந்தது.

"இதுதானா? ஏய், வா."

மஞ்சா எழுந்தது. உடம்பை ஒரு முறை நீட்டியது. ஆனால் கயிறு தலைவரின் கையில் இருந்தது. இழுத்துப் பார்த்தது, அவர் விடவில்லை. விடாதவரிடம் பிரியம் என்று அது நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் போய் முழுப் பாரத்தையும் சாய்த்தது. ஆண்டியப்பன் பின்னால் நகர்ந்தார். சுவர் வந்தது. மூன்று முன்னாள் தலைவர்களுக்கு நேர் கீழே, நான்காவது படம்போல ஒட்டிக்கொண்டு நின்றார்.

"எந்திரிங்க" என்றாள் சாரதா கணவனிடம். "நாயக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறோம்."

கூடம் அமைதியாயிற்று. அந்த அமைதி விஜயனை உலுக்கியது.

"வழிமொழிகிறேன்" என்றார்.

மகேனின் பேனா பாதி வழியில் நின்றது. அவர் நேர்மையான செயலாளர். அவருடைய கஷ்டமே அதுதான். உறுப்பினர் பட்டியலைப் புரட்டினார். "உறுப்பினர் எண் நூற்றுப் பதினேழு, சாரதா. முன்மொழியத் தகுதி உண்டு" என்று உரக்கப் படித்தார். "நாயை வீட்டுக்கு அழைத்துச் செல்வது. முன்மொழிந்தவர் சாரதா, வழிமொழிந்தவர் உதவித் தலைவர். யாருக்காவது எதிர்ப்பு உண்டா?"

பிற்பகல் இரண்டரை மணி. சாப்பாடு இன்னும் பரிமாறவில்லை. யாருக்கும் எதிர்ப்பு இல்லை. தலைவர் வாயைத் திறந்தார். ஆனால் அறுபது கிலோ பிரியம் நெஞ்சில் சாய்ந்திருக்கும்போது மூச்சு விட முடியாது என்று ஆ ஹோய் முன்பே சொல்லியிருக்கிறார்.

"எதிர்ப்பு இல்லை. நிறைவேறியது. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம்வரை மாற்ற இயலாது" என்று மகேன் எழுதி, கோடு கிழித்தார். செல்லையா மேடையேறி, தலைவரின் விரல்களிலிருந்து கயிற்றையும் அவர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தையும் மரியாதையோடு எடுத்துக்கொண்டார்.

மூவரும் குறுக்கு வழியிலேயே வீடு திரும்பினார்கள். மறுநாள் காலை சாரதா வீட்டின் பின்வாசல் திறந்து கிடந்தது. அவள் பாத்தியில் குத்துக்காலிட்டுப் புல் பிடுங்கினாள். மஞ்சா அவள் முதுகில் சாய்ந்துகொண்டு பிடுங்க விடாமல் செய்தது. "தள்ளு, தள்ளு" என்ற சத்தம் கடைசி லயம்வரை கேட்டது. அடுப்படியில் நின்று தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த செல்லையா அதை இரண்டு கோப்பை நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இறுதியாக ஒன்று. விழா நாளன்று பிற்பகல் திரும்பும் வழியில், மூடுபனிக்குள்ளிருந்து அதே காட்டுப்பன்றி எதிரே வந்ததாகவும், சங்கம் தேர்ந்தெடுத்த நாய் பாய்ந்து அதை விரட்டியதாகவும், இது தலைவர் ஆண்டியப்பனின் தொலைநோக்குக்குக் கிடைத்த வெற்றி என்றும் சங்கத்தின் ஆண்டறிக்கையில் பதினான்காம் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. அது தவறு. பன்றி வந்தது உண்மை. அதை விரட்டியவள் சாரதா. பித்தளைத் தாம்பாளத்தைக் குடைக் காம்பால் நான்கு அடி அடித்தாள், பன்றி ஓடிவிட்டது. நாய் அப்போது சாரதாவுக்குப் பின்னால் நின்றது. நாய்க்குப் பின்னால் நின்றவர் யார் என்பது குடும்ப விஷயம்.